43 விநாடி அறுந்தது, 24 மணி நேரம் இழுத்தது: சர்வர்கள் ஒரு முடிவுக்கு வரும் விதம்

2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் பழுதாகிக்கொண்டிருந்த ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றியது. வழக்கமான பராமரிப்பு வேலைதான். அதில் 43 விநாடி இணைப்பு விட்டுப்போனது, பிறகு திரும்ப வந்துவிட்டது. ஆனால் தளம் முழுதாகப் பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் பலரும் கேட்பது ஒன்றுதான்: “எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நகல் வைத்திருப்பார்களே, ஒன்று போனால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?” நகல்கள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றுக்குத் தாவும் மென்பொருளும் இருந்தது. அது எழுதிவைத்தபடியே தாவவும் செய்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அது ஏன் என்று புரிய, பல சர்வர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவது என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## நகல் எளிது, வரிசை கடினம்

ஒரு கணக்கின் இருப்பு 1,000 என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு சர்வர்களில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகள் வருகின்றன: “100 கூட்டு”, “10 சதவீதம் ஏற்று”.

முதல் சர்வருக்குக் கூட்டல் முன்னால் வருகிறது. 1,100 ஆகி, அதில் 10 சதவீதம் ஏறி 1,210. இரண்டாவதற்குச் சதவீதம் முன்னால் வருகிறது. 1,100 ஆகி, அதனுடன் 100 சேர்ந்து 1,200. இரண்டு சர்வரும் இரண்டு கட்டளைகளையும் பெற்றன, எதுவும் தொலையவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் கணக்கு இரண்டாகிவிட்டது.

ஆக, எல்லா நகல்களும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே கட்டளைகளை, ஒரே வரிசையில் செய்தால் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரை இந்த எண்ணத்தின் வேர். வெவ்வேறு இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது, அதனால் “எது முதலில் நடந்தது” என்பதே தானாகக் கிடைக்கும் விஷயம் இல்லை, அதை உருவாக்கத்தான் வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்படியானால் மொத்தப் பிரச்சினையும் ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. பட்டியலில் 1-ஆம் இடத்தில் எந்தக் கட்டளை, 2-ஆம் இடத்தில் எந்தக் கட்டளை என்பதில் எல்லா சர்வரும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பட்டியலுக்கு லாக் என்று பெயர். ஒவ்வோர் இடத்தையும் பற்றி எடுக்கும் முடிவுதான் கன்சென்சஸ், அதாவது ஒருமித்த முடிவு.

## செத்துவிட்டதா, தாமதமா?

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஒருவரைத் தலைவராக்கி, அவர் சொல்லும் வரிசையே வரிசை என்று விட்டால் போயிற்று. உண்மையில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். தலைவர் பேச்சு நின்றுபோகும் நேரம்தான் சங்கடம்.

ஒரு சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் என்ன நடந்திருக்கலாம்?

1. அது உண்மையிலேயே செத்துவிட்டது.
2. நாம் அனுப்பிய செய்தி வழியில் தொலைந்துவிட்டது.
3. செய்தி போய்ச் சேர்ந்தது, வேலையும் முடிந்தது, பதில்தான் தொலைந்தது.
4. அது உயிரோடுதான் இருக்கிறது. நினைவகத்தைச் சுத்தம் செய்வதிலோ, மெதுவான டிஸ்க்கிலோ மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உறைந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கும் ஒன்றுதான். வெறும் மௌனம். நான்காவதுதான் மிக மோசம். செத்ததாக நினைத்து வேறொரு தலைவரைப் போட்ட பிறகு பழையவர் கண் விழித்து, தானே இன்னும் தலைவர் என்று நினைத்து எழுத ஆரம்பித்துவிடலாம்.

இது பொறியியல் அசட்டை இல்லை, அடிப்படையான வரம்பு. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் இதைக் கணிதமாகவே நிரூபித்தார்கள். செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு உச்சவரம்பே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு சர்வர் செத்துப்போகும் வாய்ப்பு இருந்தாலே போதும். எப்போதும் முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி சொல்லக்கூடிய, தற்செயலை நாடாத எந்த முறையும் சாத்தியமில்லை. மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை எஃப்எல்பி முடிவு என்பார்கள்.

சரி, அப்படியானால் இன்று ஓடுகிற டேட்டாபேஸ்கள் எல்லாம் எப்படி ஓடுகின்றன? நிரூபணம் சொல்வதைக் கூர்ந்து பார்த்தால் வழி தெரியும். முடிவுக்கு “எப்போதும்” வர முடியாது என்றுதான் அது சொல்கிறது, தவறான முடிவைத் தவிர்க்க முடியாது என்று சொல்லவில்லை. அதனால் பொறியாளர்கள் வாக்குறுதியை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு சர்வர்கள் ஒருபோதும் வெவ்வேறு முடிவு எடுக்காது; இதற்கு விதிவிலக்கே இல்லை. முடிவு வந்து சேருமா என்பது, நெட்வொர்க் கொஞ்ச நேரமாவது ஒழுங்காக இருப்பதைப் பொறுத்தது. டுவொர்க், லிஞ்ச், ஸ்டாக்மயர் 1988-இல் இந்தப் பாதையை முறைப்படுத்தினார்கள். இன்னொரு வழி நாணயம் சுண்டுவதுபோல் தற்செயலைச் சேர்ப்பது. நடைமுறையில் முதல் வழிக்கே மவுசு.

ஒரு சேவை “முடங்கிவிட்டது” என்று செய்தி வந்தால், சில நேரம் அது இந்தத் தேர்வின் விளைவாகவே இருக்கும். தப்பான பதில் சொல்வதைவிடச் சும்மா நிற்பது மேல் என்று அந்த அமைப்பை எழுதியவர்கள் முன்பே தீர்மானித்திருப்பார்கள்.

## பெரும்பான்மை என்ற எளிய கணக்கு

தவறான முடிவைத் தடுப்பது எப்படி? ஐந்து சர்வர்கள் இருந்தால், எந்த முடிவுக்கும் மூன்றின் சம்மதம் வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். ஐந்தில் மூன்று பேர் கொண்ட இரண்டு குழுக்களை எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் குறைந்தது ஒருவராவது இரண்டிலும் இருப்பார். அந்தப் பொதுவான ஒருவர் முன்பு எதற்குச் சம்மதித்தோம் என்று நினைவில் வைத்திருப்பதால், அதற்கு முரணான இன்னொரு முடிவு நிறைவேறாது. இந்தப் பெரும்பான்மைக் குழுவுக்குக் குவோரம் என்று பெயர். பாக்ஸோஸ், ராஃப்ட், வியூஸ்டாம்ப்டு ரெப்ளிகேஷன் என்று பெயர்பெற்ற முறைகள் எல்லாம் இந்த ஒரே வெட்டுப்புள்ளியின் மேல் நிற்பவைதான்.

மூன்று சர்வர் இருந்தால் ஒன்று செத்தாலும் ஓடும். ஐந்தென்றால் இரண்டு, ஏழென்றால் மூன்று. நான்கு வைத்தால்? பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும், ஆகவே ஒன்றைத்தான் இழக்கலாம். மூன்று சர்வருக்கான பலனே கிடைக்கும், ஓர் இயந்திரத்தின் செலவு வீண். ஒற்றைப்படை எண்ணிக்கையை விரும்புவதன் காரணம் இவ்வளவுதான்.

## ஒரு பதிவு உறுதியாவது எப்படி

பாக்ஸோஸ் லாம்போர்ட்டின் படைப்பு. ஒரு கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றக் கதையாக எழுதி 1990-இல் அனுப்பினார், அச்சில் வந்தது 1998-இல். கதையை யாரும் ரசிக்கவில்லை என்பது அவருக்கே நீண்ட நாள் குறை. அதனினும் எளிதாகப் புரிய வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைத்து 2014-இல் ஓங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் வெளியிட்டதுதான் ராஃப்ட். இன்று எட்சிடி, கான்சல் போன்ற மென்பொருள்களுக்குள் இருப்பது இதுவே. அதன் ஓட்டம் இப்படி:

1. ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பதவிக்கால எண் உண்டு. புதுத் தேர்தல் என்றால் எண் ஒன்று கூடும், ஒருபோதும் குறையாது.
2. கட்டளை தலைவரிடம் வருகிறது. அவர் அதைத் தன் லாக்கின் அடுத்த இடத்தில் எழுதி, மற்றவர்களுக்கு அனுப்புகிறார்.
3. பெறுபவர்கள் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் “ஆச்சு” என்று பதில் சொல்ல வேண்டும். நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொன்னால், மின்சாரம் போனதும் சம்மதமும் போய்விடும்.
4. தன்னையும் சேர்த்துப் பெரும்பான்மை எழுதிவிட்டது என்று தலைவருக்குத் தெரிந்ததும் பதிவு உறுதியாகிறது. அப்புறம்தான் கேட்டவருக்குப் பதில்.
5. தலைவர் இடைவிடாமல் “இருக்கிறேன்” என்று துடிப்பு அனுப்புகிறார். எட்சிடியில் இது இயல்பாக 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. 1,000 மில்லிவிநாடி அளவுக்குச் சத்தமில்லை என்றால் பின்தொடர்பவர் ஒருவர் எண்ணைக் கூட்டித் தேர்தலில் நிற்பார்.
6. தன்னைவிடப் பழைய லாக் வைத்திருப்பவருக்கு யாரும் ஓட்டுப் போடக் கூடாது. இந்த ஒரு விதியால்தான் உறுதியான பதிவு எதுவும் தலைவர் மாற்றத்தில் காணாமல் போவதில்லை.

உறைந்துபோய் விழித்த பழைய தலைவரின் கதை இங்கே முடிகிறது. அவர் அனுப்பும் செய்தியில் பழைய எண் இருக்கும், மற்றவர்கள் நிராகரித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் குழுவுக்கு வெளியே, பதவிக்கால எண்ணைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு சேமிப்பகத்தில் அவர் எழுதினால்? அதைத் தடுக்கச் சேமிப்பகமும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், அல்லது பழைய இயந்திரத்தின் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றுபோல ஓட்டும் லினக்ஸ் க்ளஸ்டர் உலகில் இரண்டாவதற்கு ஸ்டானித் என்று பெயர். விரித்தால் “எதிராளி இயந்திரத்தின் தலையில் சுடு” என்று பொருள். வேடிக்கைப் பெயர்தான், ஆனால் செய்கிற வேலையைத் துல்லியமாகச் சொல்கிறது.

இதற்கெல்லாம் விலை நேரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடும். 4,000 கி.மீ. தள்ளியிருக்கும் சர்வரின் சம்மதம் வேண்டுமென்றால், போய்வர மட்டுமே 40 மில்லிவிநாடி. தரவு எழுதும் ஒவ்வொரு முறையும் அது தண்டம். தூரத்து நகலின் பதிலுக்குக் காத்திராமல் “பிறகு அனுப்பிக்கொள்ளலாம்” என்று விடும் ஆசை இங்கிருந்துதான் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

## குழுவில் யார் யார்?

இதே சிக்கலை வேறு வாசல் வழியாக அணுகியவர்களும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பர்மனின் குழு 1980-களில் ஐசிஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. அவர்கள் லாக்கிலிருந்து தொடங்கவில்லை, செய்தியிலிருந்து தொடங்கினார்கள். ஒரு குழுவுக்குச் செய்தி அனுப்பினால் யார் யாருக்கு, எந்த வரிசையில் போய்ச் சேரும்? இதைத்தான் குழுத் தொடர்பு என்கிறார்கள்.

வரிசையில் மூன்று தரம் உண்டு. ஒருவர் அனுப்பியவை அவர் அனுப்பிய வரிசையில் வருவது முதல் தரம். காரணம் முன்னாலும் விளைவு பின்னாலும் வருவது, அதாவது கேள்விக்கு முன்பே அதன் பதில் வந்து நிற்காமல் இருப்பது, இரண்டாவது. எல்லோருக்கும் எல்லாச் செய்தியும் ஒரே வரிசையில் வருவது மூன்றாவது, முழு வரிசை. முதல் இரண்டும் மலிவு. மூன்றாவது அப்படியில்லை. சந்திராவும் டூயெகும் 1996-இல் காட்டியபடி, முழு வரிசையில் செய்தி சேர்ப்பதும் ஒருமித்த முடிவெடுப்பதும் ஒரே பிரச்சினைதான், ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீர்ந்துவிடும். எஃப்எல்பி வரம்பும் இரண்டுக்கும் சேர்த்தே பொருந்தும்.

ஐசிஸ் தந்த புதுமை, உறுப்பினர் பட்டியலையே ஒரு முடிவாக்கியதுதான். இப்போது குழுவில் இருப்பவர்கள் இன்னார் என்ற பட்டியலுக்கு வியூ என்று பெயர். யாராவது போனாலோ வந்தாலோ அடுத்த வியூ. ஒரு வியூவிலிருந்து அடுத்ததற்குச் சேர்ந்து நகரும் எல்லோரும், அதற்கு முன் ஒரே செய்திகளையே பெற்றிருக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கிடைத்து பாதிப் பேருக்குக் கிடைக்காத செய்தி எல்லையைத் தாண்டிக்கொண்டு நிற்காது. நியூயார்க் பங்குச்சந்தையிலும் பிரான்சின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் ஐசிஸ் பயன்பட்டது. இன்று அந்தப் பெயர் அதிகம் காதில் விழுவதில்லை. ஆனால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் குரூப் ரெப்ளிகேஷன், லினக்ஸ் க்ளஸ்டர்களின் கோரோசிங்க் ஆகியவற்றைத் திறந்து பார்த்தால் வியூவும் முழு வரிசையும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

## பொய் சொல்லும் சர்வர்

இதுவரை பார்த்ததில் சர்வர் ஒன்று ஒழுங்காக இருக்கும், இல்லை நின்றுவிடும். ஆளுக்கொரு கதை சொன்னால்? 1980-இல் பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும், பிறகு 1982-இல் பைசாண்டைன் தளபதிகள் என்ற உருவகத்தோடும் இதை ஆராய்ந்தார்கள். விமானக் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக நடந்த ஆய்வின் கிளை அது. அங்கே ஒரு பழுதான கருவி மூன்று கணினிகளுக்கு மூன்று அளவுகளைச் சொன்னால் விளையாட்டில்லை.

மூவர் போதாது என்பதை இப்படிப் பார்க்கலாம். தளபதி ஒருவருக்குத் “தாக்கு” என்றும் இன்னொருவருக்குப் “பின்வாங்கு” என்றும் சொல்கிறார். இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், முரண் தெரிகிறது. ஆனால் பொய் சொன்னது தளபதியா, எதிரில் நிற்பவரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே ஒரு பொய்யரைத் தாங்க நால்வர் வேண்டும், இருவரைத் தாங்க எழுவர். 1999-இல் காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் இதை நடைமுறைக்குத் தக்க வேகத்தில் செய்து காட்டினார்கள். ஒருவரையொருவர் நம்பாதவர்கள் சேர்ந்து ஓட்டும் பிளாக்செயின்களில் இந்த வழித்தோன்றல்கள் உண்டு. ஒரே நிறுவனத்தின் சொந்த சர்வர்களுக்குப் பெரும்பாலும் இது வேண்டாத செலவு.

## பாதி அறுந்த கம்பி

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 நவம்பர் 2 அன்று, இணையதளங்களுக்கு வேகமும் பாதுகாப்பும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் முழுதாகச் சாகாமல் அரைகுறையாகக் கெட்டது. அதை நம்பியிருந்த எட்சிடி க்ளஸ்டரில் மூன்று சர்வர்கள். அவற்றை அ, ஆ, இ என்போம். தலைவர் இ.

அ-வுக்கும் இ-க்கும் இடையே பேச்சு அறுந்தது. ஆனால் ஆ இருவரோடும் பேச முடிந்தது. அ-வுக்குத் தலைவரின் துடிப்பு கேட்கவில்லை. எண்ணைக் கூட்டித் தேர்தலில் நிற்கிறது. ஆ புது எண்ணைப் பார்க்கிறது. இ-யின் பழைய எண் இனிச் செல்லாது, பதவி போயிற்று. ஆனால் ஆ, தன்னால் எட்ட முடிகிற இ-க்கே ஓட்டுப் போடுகிறது, அ தனக்கே போட்டுக்கொள்கிறது. அ-வுக்கு எட்டக்கூடிய தலைவர் யாரும் வருவதில்லை. அ மீண்டும் எண்ணைக் கூட்டித் தேர்தலில் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. யாரும் சாகவில்லை, யாரும் விதியை மீறவில்லை, வேலை மட்டும் நடக்கவில்லை. எஃப்எல்பி சொன்ன “முடிவுக்கே வராத ஓட்டம்” கண்ணெதிரே ஓடியது.

ஸ்விட்ச் சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இடைவெளியில் தூண்டப்பட்ட டேட்டாபேஸ் மாற்றங்களின் பின்விளைவால் கட்டுப்பாட்டுப் பலகையும், பிற மென்பொருள்கள் அதோடு பேசும் வாசலான ஏபிஐ-யும் 6 மணி 33 நிமிடம் பாதிக்கப்பட்டன. இந்தச் சுழலுக்கு மருந்து முன்பே உண்டு: தேர்தலில் நிற்குமுன் எண்ணைக் கூட்டாமல், “நின்றால் ஓட்டுப் போடுவீர்களா” என்று மட்டும் கேட்பது. தலைவரின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆ, “மாட்டேன்” என்று சொல்லிவிடும். முன்-ஓட்டு எனப்படும் இது ஓங்காரோவின் ஆய்வேட்டிலேயே இருக்கிறது.

## மறுபடி அந்த 43 விநாடிக்கு

கிட்ஹப்பில் எந்த டேட்டாபேஸ் முதன்மை, அதாவது புதுப் பதிவுகளை ஏற்கும் தலைமை நகல், என்று தீர்மானிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் ராஃப்ட்டில்தான் ஓடியது. இணைப்பு அறுந்ததும் நடந்தவை:

1. கிழக்குத் தரவு மையத்தில் இருந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தலைவர் தனித்துவிடப்பட்டு, பதவி இழந்தது.
2. மேற்குக் கடற்கரையிலும், கிழக்கின் பொது கிளவுடிலும் இருந்த மற்றவை பெரும்பான்மையாகச் சேர்ந்தன.
3. கிழக்கு டேட்டாபேஸ்களை எட்ட முடியாததால், எழுதும் வேலையை மேற்குக்குத் திருப்பின.
4. 43 விநாடி கழித்து இணைப்பு வந்தது. புதுப் பதிவுகள் மேற்கில் விழத் தொடங்கின.

ராஃப்ட்டின் கண்ணில் இதில் ஒரு குறையும் இல்லை. முதன்மை யார் என்பதில் ஒரு கணமும் இரண்டு கருத்து இருக்கவில்லை. ஆனால் ராஃப்ட் ஒத்துப்போனது “முதன்மை யார்” என்ற ஒரே விஷயத்தில்தான். டேட்டாபேஸின் உள்ளடக்கம் ராஃப்ட் வழியாகப் போகவில்லை. அது தூரத்து நகலின் சம்மதத்துக்குக் காத்திராமல் கிழக்கிலிருந்து மேற்குக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அறுந்த நேரத்தில் கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போகாத பதிவுகள் இருந்தன. பரபரப்பான ஒரு க்ளஸ்டரில் மட்டும் அப்படி 954 பதிவுகள். மேற்கிலோ அதற்குள் சுமார் 40 நிமிடப் புதுப் பதிவுகள் சேர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத ஒன்று. கிழக்கைத் திரும்ப முதன்மையாக்க வழியில்லை, மேற்கிலேயே விட்டுவைத்தால் கிழக்கில் ஓடும் செயலிகள் ஒவ்வொரு கேள்விக்கும் நாட்டின் குறுக்கே போய்வர வேண்டும்.

தரவு கெடக்கூடாது, தளம் தடுமாறினாலும் பரவாயில்லை என்று கிட்ஹப் முடிவெடுத்தது. காப்புப் பிரதிகளிலிருந்து டேட்டாபேஸ்களை மீட்டு, மேற்கோடு ஒத்திசைத்து, அப்புறம் கிழக்குக்குத் திரும்பியது. அந்த வேலைதான் 24 மணி நேரத்தைத் தின்றது. இடையில் நிறுத்திவைத்த வெப்ஹூக் செய்திகளே (பிற மென்பொருள்களுக்குத் தானாகப் போகும் அறிவிப்புகள்) 50 லட்சத்துக்கு மேல் குவிந்துவிட்டன.

பிறகு செய்துகொண்ட திருத்தங்களில் ஒன்று, முதன்மை டேட்டாபேஸை ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தானாக மாற்றாதபடி அமைப்பைக் கட்டுப்படுத்தியது. இனி 43 விநாடி அறுந்தால் கிழக்குக்கு எழுத முடியாமல் 43 விநாடி நிற்கும், அவ்வளவுதான். கிழக்கு முழுதாகவே போய்விட்டால் என்ன செய்வது என்பதை, நள்ளிரவில் எழுப்பப்படும் ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டும்.